பந்து கையில் இருக்கும்போது எடுத்த முடிவுகள்

இந்த ஆண்டு உங்களில் சிலர் முதல் முறையாக வெளிநாட்டு கிளப்புகளுக்கு ஆடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் பயிற்சியாளர் போன் செய்து, "அக்கா, நீங்க வந்து பொண்ணுங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றார். நேரில் பேசினால் பாதி இந்தி, கொஞ்சம் மராட்டி, மிச்சம் திருநெல்வேலித் தமிழ் என்று உங்களைக் குழப்பிவிடுவேன். புனேயில் பிறந்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களின் தலைவிதி அது. அதனால்தான் எழுதித் தருகிறேன்.

கூடையில் பந்தை எப்படிப் போடுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். நாங்கள் சிமென்ட் தரையில் முட்டியைத் தேய்த்தவர்கள். நீங்கள் மரத்தரையில் பழகியவர்கள். நான் பாயின்ட் கார்டாக ஆடினேன். பந்தை முன்னால் கொண்டுபோய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிறவள். யோசித்துப் பார்த்தால் ஆடிய காலமெல்லாம் நான் செய்த தொழில் ஒன்றே ஒன்றுதான்: சுற்றிலும் கூட்டம் கத்தும்போது ஒரு முடிவெடுப்பது. அதில் எனக்கு நடந்த சிலவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கு ஆகிறதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு புனேயின் கட்கிப் பகுதியில். அப்பா ராணுவ அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அம்மா பள்ளி ஆசிரியை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே அணியில் இடம் கிடைத்தது. இடம் என்றால் பெஞ்சில் இடம். தண்ணீர் பாட்டில்களும் மற்றவர்களின் ஸ்வெட்டர்களும்தான் எனக்குத் துணை.

அந்த வருடம் மாநிலக் கல்லூரிகளுக்கான போட்டியின் இறுதி ஆட்டம் எங்கள் ஊரிலேயே நடந்தது. எதிரணி மும்பையிலிருந்து வந்திருந்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு மும்பைக்குத் திரும்பும் டெக்கான் ரயிலில் ஏறுவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். முதல் பாதி முடிவதற்குள் எங்கள் பாயின்ட் கார்டுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கோச் பெஞ்சை ஒரு முறை பார்த்தார். வேறு ஆள் இல்லாததால் என்னை அனுப்பினார்.

மும்பைப் பெண்களுக்கு நான் யார் என்று உடனே புரிந்துவிட்டது. பந்து என் கைக்கு வந்த மறுநொடியே இரண்டு பேர் ஓடிவந்து என்னை மூலையில் அடைத்தார்கள். நாலு கைகள் என் முகத்துக்கு முன்னால் ஆடின. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தேன். பந்து நேராக எதிரணிக்காரியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த முறையும் அதேதான். சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த பையன்கள், "அந்தப் பொண்ணு மும்பை டீமுக்கே ஆடுது டோய்!" என்று மராட்டியில் கூவினார்கள். கோச் டைம் அவுட் கேட்டு, என்னை வெளியே எடுக்கக் கையைத் தூக்கிவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் கேப்டன் கடைசி வருட மாணவி. அவளை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "தாயீ" என்போம். மராட்டியில் அக்கா என்று அர்த்தம். என் அம்மாவுக்கு மட்டும் அது சரிப்படாது. "நான் இங்கன குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது, எவளையோ தாயிங்குத" என்பாள். அந்த தாயீ கோச்சைப் பார்த்து, "சர், வேணாம். இவளே இருக்கட்டும்" என்றாள். பிறகு என் தோளைப் பிடித்து இழுத்து, இந்தியில் வேகமாகக் கேட்டாள்.

"ரெண்டு பேரு உன்மேல வர்றாங்க, சரியா?"

"ஆமா."

"அவங்க மொத்தம் எத்தனை பேரு?"

"அஞ்சு."

"ரெண்டு பேரு உன்கிட்ட வந்துட்டா, நம்ம மத்த நாலு பேரைப் பாக்க அவங்ககிட்ட மூணு பேருதான் மிச்சம். அப்ப நம்ம ஆளு ஒருத்தி எங்கயோ தனியா நிக்கிறா. அரே பகலீ, பைத்தியக்காரி, ரெண்டு பேரு வந்தா அழக் கூடாது. சந்தோஷப்படணும்!"

விசில் ஊதியது. பந்து வந்தது. அதே இரண்டு பேர் வந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். தாயீ சந்தோஷப்படச் சொன்னாள் என்பதற்காக வலுக்கட்டாயமாக ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பில் கண் திறந்துகொண்டது. நாலு கைகளுக்கும் இடையில், தூரத்தில், எங்கள் கூட்டாளி ஒருத்தி கூடைக்கு அடியில் கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருப்பவள் போல அம்போவென்று நின்றுகொண்டிருந்தாள். தரையில் ஒரு தட்டுத் தட்டி பந்தை அவளிடம் சேர்த்தேன். அவள் போட்டாள். அடுத்த முறையும் இரண்டு பேர் வந்தார்கள், இன்னொருத்தி தனியாக நின்றாள், அவளும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மும்பைக் கோச் தொண்டை கிழியக் கத்தி, என்னை மடக்க வந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அதன் பிறகு எனக்கு மைதானமே அகலமாகத் தெரிந்தது.

அன்று கோப்பை டெக்கான் ரயில் ஏறவில்லை. சுவர்மேல் இருந்த அதே பையன்கள் குதித்து ஓடிவந்து எங்களுக்கு முன்னால் டோல் மேளம் அடித்து ஆடினார்கள். தாயீ அந்த வருடத் தேர்வுகளோடு ஆட்டத்தை விட்டுவிட்டு நாசிக் பக்கம் வேலைக்குப் போய்விட்டாள். அவள் என்னிடம் பேசியது டைம் அவுட்டின் மிச்ச நேரத்தில் நாலு வரி. அதை வைத்துக்கொண்டு நான் ஒரு தொழிலே நடத்தினேன். நெருக்கடி வந்தால் முதலில் எண்ணிப் பாருங்கள். உங்கள்மேல் பாரம் கூடுகிறதென்றால் இன்னொரு பக்கம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதன் பிறகு மாநில அணி, தேசியப் போட்டிகள், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலை என்று வரிசையாக வந்தன. காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், மாலையில் மறுபடி பயிற்சி. புனேயிலேயே சாங்விக்கு வீடு மாறியிருந்தோம். அப்பாவுக்கு ஏகப்பட்ட பெருமை. "எங்க எஸ்தருக்கு சர்க்கார் உத்தியோகம்" என்று மாதா கோயில் வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்வார். பந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மலேசிய கிளப் அணி ஒன்று நட்பு ஆட்டங்களுக்காகப் புனே வந்தது. மூன்று ஆட்டங்களிலும் நாங்கள் ஜெயித்தோம். கடைசி ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய மேனேஜர், சீனர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்கள் ஊர் லீகில் வெளிநாட்டு ஆட்டக்காரிக்கு ஒரு இடம் உண்டு. வருகிறாயா?" என்று கேட்டார். சம்பளத்துக்கு ஆடுவது! இங்கே நமக்கு வேலைக்குத்தான் சம்பளம், ஆட்டத்துக்கு டி.ஏ. என்ற தினப்படிதான். எனக்குக் காதில் வண்டு குடைந்தது போல ஆகிவிட்டது.

சம்பளமில்லாத விடுப்பு கேட்டு மேலதிகாரியிடம் போனேன். நல்ல மனிதர். விதிப்புத்தகத்தை உண்மையாகவே புரட்டிப் பார்த்தார். "மேடம், பிரசவத்துக்கு லீவு இருக்கு. படிப்புக்கு லீவு இருக்கு. நாட்டுக்காக ஆடப் போனா லீவு இருக்கு. வேற நாட்டு கிளப்புக்கு ஆட லீவுன்னு எங்கயும் இல்லையே" என்றார். ஆக, வேலையா ஆட்டமா, இரண்டில் ஒன்றுதான்.

வீட்டில் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"ஏட்டி எஸ்தரு, கூறு கெட்டுப்போச்சா ஒனக்கு? பென்சன் உள்ள உத்தியோகத்த எவளாது விடுவாளா? நாளைக்கே கால முறிச்சிட்டு வந்து நின்னா என்ன செய்வ?"

"கால முறிச்சா அப்புறம் எங்கயாது ஒரு ஆபீஸ்ல உக்காந்துதான் இருப்பேன்ப்பா. அதுக்கு முன்னால ஓடிப் பாக்குதேன்."

"வாய் நல்லாத்தான் இருக்கு."

அம்மா குழம்புச் சட்டியை மூடி வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்: "கேட்டியளா, ஓடுத காலு கொஞ்ச காலந்தான் ஓடும். நாற்காலி எங்கயும் ஓடிறாது. அவ போட்டும்."

ராஜினாமா கொடுத்தேன். உங்களிடம் வேலையை விடச் சொல்லவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்கு அந்த நாற்காலி திரும்பக் கிடைக்காமலும் போகும். நான் சொல்வது வேறு. இரண்டு வழிகளில் எது பத்திரம் என்று ஊரே சொல்லிவிடும். எது கொஞ்ச காலத்துக்கு மட்டும் திறந்திருக்கிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் என் கிளப் ஈப்போ பக்கம் இருந்தது. பெரும்பாலும் சீனப் பெண்கள், சிலர் மலாய். நல்லவேளையாக, கூடைக்கு அருகில் நிற்கும் சென்டர் இடத்தில் ஆடிய புஷ்பா தமிழ்ப் பெண். எஸ்டேட் குடும்பம், நல்ல உயரம், தங்கமான மனசு. எங்கள் இருவருக்கும் முதல் நாளே ஒட்டிக்கொண்டது. கோர்ட்டில் நான் தமிழில் கத்துவேன். "புஷ்பா, இடது!" என்றால் இடது பக்கம் வந்து நிற்பாள், பந்து போய்ச் சேரும். எதிரணிக்காரர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அந்த ஊரில் ஆட வருகிறவர்கள் அநேகமாகச் சீனப் பெண்கள் என்பதால் எங்கள் ரகசிய மொழிக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. அரையிறுதி வரைக்கும் அப்படியே போனோம்.

அரையிறுதியில் என்னை மார்க் செய்ய, அதாவது ஒட்டி நின்று தடுக்க, வந்தவள் பெயர் மெய் லிங். ஒல்லியான, மின்னல் வேகச் சீனப் பெண். "புஷ்பா, வலது!" என்று நான் வாயை மூடுவதற்குள் வலது பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடிவிடுவாள். ஒரு முறை என்றால் அதிர்ஷ்டம். இது திரும்பத் திரும்ப நடந்தது. என் கண் காட்டிக்கொடுக்கிறதோ என்று கண்ணை வேறு பக்கம் வைத்துப் பார்த்தேன். தோள் காட்டிக்கொடுக்கிறதோ என்று தோளை மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். டைம் அவுட்டும் மிச்சமில்லை.

அப்போது இன்னொரு முறை என்னிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு தனியாக ஓடிய மெய் லிங், கூடைக்கு அருகில் போய்த் தவறவிட்டாள். தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு தனக்குத்தானே சொன்னாள்:

"சே, என்னாலா இது! கையில வந்தத விட்டுட்டேனே!"

தமிழ். மலேசியர்களின் 'லா' ஒட்டிய சுத்தமான தமிழ்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நேரமும் நான் ஒலிபெருக்கி வைத்து எதிரிக்குச் செய்தி வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! முதலில் தோன்றியது, புஷ்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்பதுதான். ஆனால் எந்த மொழியில் சொல்வது? புஷ்பாவிடம் ஓடிப்போய்க் காதில் கிசுகிசுத்தால் அதைப் பார்த்தே மெய் லிங்குக்கு எல்லாம் விளங்கிவிடும். அவளுக்குத் தமிழ் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. என் கையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதை வாயைத் திறந்து கொட்டிவிடக் கூடாது.

அவள் தவறவிட்ட பந்தை எடுத்து முன்னால் கொண்டுபோனேன். எப்போதும் போலக் கத்தினேன்: "புஷ்பா, இடது பக்கம் வா!"

ஒன்றும் அறியாத புஷ்பா இடது பக்கம் வந்தாள். மெய் லிங்கும் இடது பக்கம் சாய்ந்தாள். நான் வலது பக்கமாக, ஆள் இல்லாத சாலையில் சைக்கிள் விடுவது போலப் போய்க் கூடையில் போட்டுவிட்டு வந்தேன். புஷ்பா என்னை முறைத்தாள். மெய் லிங் முறைக்கவில்லை. என்னைக் கூர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அடுத்து அவர்கள் எறிந்த பந்து கூடையில் விழவில்லை. பந்து மறுபடி எங்களிடம். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், இன்னும் சில வினாடிகள்தான். மெய் லிங் என் எதிரில் குனிந்து நிற்கிறாள். இவள் இப்போது என்ன நினைப்பாள்? நான் எந்தப் பக்கம் சொல்கிறேனோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் போவேன் என்று நினைப்பாள். புத்திசாலி. புத்திசாலியை ஏமாற்றப் பொய் உதவாது.

"புஷ்பா, வலது!" என்று கத்தினேன்.

மெய் லிங் இடது பக்கம் பாய்ந்தாள். புஷ்பா நல்ல பிள்ளையாக வலது பக்கம் வந்தாள். பந்தும் வலது பக்கம் போனது. அவள் இரண்டு கைகளாலும் பிடித்து, திரும்பி, கூடையில் வைத்தாள். மணி அடித்துவிட்டது. ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டோம்!

கைகுலுக்கும் வரிசையில் மெய் லிங் என் கையை விடவில்லை.

"அக்கா, மொத வாட்டி பொய் சொல்லி ஏமாத்துனீங்க. சரி, போவட்டும். ரெண்டாவது வாட்டி உண்மையச் சொல்லி ஏமாத்துனீங்களே, அது என்னாலா நியாயம்?"

"நீ தமிழ்ப் பொண்ணா?" என்றேன்.

"ஏன், பாத்தா தெரியலையா?" என்றாள் அவள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

கைக்குழந்தையாக இருந்தபோதே அவளை ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்திருக்கிறது. அந்த நாட்டில் அப்படி நிறைய உண்டாம். கோர்ட்டில் மெய் லிங், வீட்டில் மீனா. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் எனக்கும் புஷ்பாவுக்கும் சாப்பாடு. நெத்திலி சம்பலும் ரசமும் பரிமாறிக்கொண்டே அவளுடைய அம்மா, "எம் பொண்ண அழ வெச்சவ நீதானா?" என்று கேட்டு இன்னும் ஒரு கரண்டி போட்டார். இறுதி ஆட்டத்துக்கு மீனா எங்கள் பக்கம் உட்கார்ந்து கத்தினாள். அதையும் ஜெயித்தோம். அந்தக் கோப்பையைவிட அரையிறுதிதான் எனக்கு இனிக்கிறது.

இதில் நான் கற்றது இரண்டு. முகத்தைப் பார்த்து ஆளை எடை போடாதே என்பது ஒன்று, அது பள்ளிக்கூடத்துப் பாடம்தான். மற்றது நம் தொழில் பாடம்: ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் கண்டுபிடித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளத் துடிப்போம். அந்தத் துடிப்பை ஒரு நிமிடம் அடக்கினால் போதும்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். மலேசியாவுக்குப் பிறகு வேறொரு நாட்டில் ஒரு சீசன் ஆடப் போனேன். பெயர் வேண்டாம். விமான நிலையத்திலேயே கிளப் ஆள் ஒருவர் சிரித்த முகமாக, "பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்துவிடுங்கள், பத்திரமாக வைத்திருப்பேன்" என்றார். பயணக் களைப்பு, புது ஊர், மரியாதையான பேச்சு. கை தானாகவே பைக்குள் போனது. என்னோடு வந்த இன்னொரு நாட்டுப் பெண் அதற்குள் கொடுத்தே விட்டாள். நான் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, "எங்க அப்பா என்கிட்ட இருக்கணும்னு சொல்லியிருக்கார்" என்றேன். அந்த வயதில் அப்பா சொன்னார் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சண்டை போடாமல் மறுக்க அதைவிட நல்ல வார்த்தை அப்போது தோன்றவில்லை. அந்த ஆள் வற்புறுத்தினார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். சீசன் நடுவில் அந்த கிளப் கலைந்தது. நான் அடுத்த விமானத்தில் புனேயின் லோகாவ் விமான நிலையத்தில் வந்து இறங்கி, விமான் நகரில் தோழி வீட்டில் மிசல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தன் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கத் தூதரகத்துக்கு நடையாய் நடந்தாள். கோர்ட்டுக்கு வெளியிலும் பந்து உங்கள் கையில்தான் இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

இனி ஆஸ்திரேலியா. இரண்டாயிரங்களில் நான் அங்கே ஆடினேன். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல், நடுவில் ஒரு சின்ன ஊர், அதில் தகரக்கூரை போட்ட ஒரு ஸ்டேடியம். குளிர்காலத்தில்தான் லீக். ஊரில் வேறு பொழுதுபோக்கு இல்லாததால் அத்தனை பேரும் ஆட்டத்துக்கு வந்துவிடுவார்கள். இரண்டாவது சீசனில் அணிப் பெண்கள் ஓட்டுப் போட்டு என்னைக் கேப்டனாக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவள் அங்கே கேப்டனானது அதுதான் முதல் முறை என்றார்கள். கட்கிக்காரிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

ஊரின் செல்லப் பிள்ளை ஜென். ரொட்டிக் கடைக்காரரின் மகள், அந்த ஸ்டேடியத்திலேயே தவழ்ந்து வளர்ந்தவள். எங்கள் அணியில் எல்லாரையும்விட அருமையாக ஆடுகிறவள். கோச் உள்ளூர்ப் பள்ளி வாத்தியார். ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர், ஆனால் மூக்கின்மேல் கோபம்.

அந்த வருடம் இறுதி ஆட்டம் எங்கள் ஊரிலேயே, ஞாயிறு மதியம். கடற்கரை நகரத்து அணி வந்திருந்தது. அவர்களுடைய முக்கிய ஆட்டக்காரி ஆறடி உயரம், பந்து அவள் கைக்குப் போனால் புள்ளிதான். அவளை ஜென் நிழல் போலத் தொடர்ந்தாள். கடைசிப் பகுதி தொடங்கியபோது நாங்கள் நாலு புள்ளி முன்னால் இருந்தோம். ஆனால் ஜென்னுக்கு நாலு ஃபவுல் ஆகியிருந்தது. ஐந்தாவது வந்தால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும்.

அந்த நாலாவது ஃபவுலுக்குத்தான் கோச் கொதித்துவிட்டார். நடுவர் ஒரு முறை எச்சரித்தார். கோச் இன்னும் பெரிய குரலில் இன்னும் மோசமாக ஏதோ சொன்னார். நடுவர் கதவைக் காட்டினார். உதவிக் கோச்சாவது இருந்தாரா என்றால் அவருடைய மனைவிக்கு அன்று காலைதான் பிரசவ வலி எடுத்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கேப்டன்தான் கோச் என்பது விதி. ஆடிக்கொண்டே அணியையும் நடத்த வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் முதலில் செய்த காரியம், ஜென்னை வெளியே எடுத்தது.

"நானா? என் ஊருல, ஃபைனல்ல, என்னையா வெளிய உக்காரச் சொல்ற?" என்றாள் ஜென்.

"இன்னொரு ஃபவுல்னா நீ மொத்தமா போயிடுவ. கடைசி நிமிஷத்துல எனக்கு நீ வேணும்."

"அதுக்குள்ள ஆட்டமே போயிடும், எஸ்."

"போனா என் தலை. உக்காரு."

துண்டைத் தரையில் வீசி எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். ஸ்டேடியம் முழுக்க எதிர்ப்பாக 'பூ' என்று கத்தியது. தகரக் கூரையில் அந்தச் சத்தம் மோதித் திரும்பியது. "யார் இவள் இதைச் செய்ய?" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. ரொட்டிக் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். வாரா வாரம் என் வீட்டு வாசலில் முட்டை வைத்துவிட்டுப் போகும் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது மட்டும் கொஞ்சம் வலித்தது.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்த ஆறடிக்காரியை அவர்கள் ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூட உட்கார வைக்கவில்லை. பெண்களைக் கூப்பிட்டு, "அவள் யாரை மார்க் பண்றாளோ அவகிட்டயே பந்தைக் கொடுங்க. அவ போடணும்னு இல்ல, ஓடணும். ஆறடிக்காரியை ஓட விடுங்க" என்றேன். ஓடினார்கள். அவளும் ஓடினாள், ஆனால் புள்ளியும் போட்டுக்கொண்டிருந்தாள். நாலு புள்ளி முன்னிலை கரைந்தது. சமமானது. பிறகு ஐந்து புள்ளி பின்னால் போனோம். ஒவ்வொரு விசிலுக்கும் கூட்டம், "ஜென்! ஜென்!" என்று கூவியது. நான் நினைத்தது தப்போ? தப்பென்றால் இந்த ஊரில் நாளை ரொட்டி வாங்கக்கூடப் போக முடியாது.

கடைசி சில நிமிடங்கள் இருக்கும்போது பந்து வெளியே போனது. ஓடிப்போய் ஜென் முன்னால் நின்று, "வா" என்றேன்.

ஜென் எழுந்திருக்கவில்லை. அவள் கண் கோர்ட்டில் இருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"கொஞ்சம் பொறு," என்றாள். "அவளைப் பாரு. இடுப்புல கை வெச்சிருக்கா. இன்னும் ரெண்டு தடவை ஓட விடு. அப்புறம் வர்றேன்."

எனக்கு அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கூட்டம் முழுவதும் அவள் பெயரைக் கத்துகிறது. அவளோ நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, எனக்கே பொறுமை சொல்கிறாள். ஆட்டம் ஜெயித்தாகிவிட்டது என்று நான் நம்பியது அந்த நொடியில்தான், புள்ளி பின்னால் இருந்தும்.

இரண்டு முறை ஓடவிட்டோம். அடுத்த விசிலுக்கு ஜென் தானே எழுந்து, உள்ளே வந்தாள். ஸ்டேடியம் அதிர்ந்தது. ஆறடிக்காரியின் கால்கள் அதற்குள் ஈரச் சிமென்டில் நடப்பது போல ஆகியிருந்தன. ஜென் அவளைத் தாண்டி ஒரு கூடை. மறுபடி ஒரு கூடை. ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆறடிக்காரி கையில் பந்து. ஜென் கிட்டே போய், ஒரே ஒரு கையை நீட்டி, தட்டினாள். ஐந்தாவது ஃபவுல் என்று விசில் வருமா? வரவில்லை! பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. நானும் ஜென்னும் ஓடினோம், எதிரில் ஒரே ஒருத்தி. அவள் என்னிடம் வந்தாள். ஜென்னிடம் கொடுத்தேன். போட்டாள். மணி அடித்தது.

அதன் பிறகு யார் யாரைத் தூக்கினார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. ரொட்டிக் கடைக்காரர் என்னை எலும்பு நொறுங்கக் கட்டிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. கதவு திறந்தது. கார் நிறுத்தும் இடத்தில் உள்ளூர் ரேடியோவில் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்த கோச், முகம் சிவக்க உள்ளே வந்தார்.

"நீ ஜென்னை உக்கார வெச்சன்னு கேட்டதும் என் காரை நானே உதைச்சேன்," என்றார் என்னிடம். "உள்ள இருந்திருந்தா அடுத்த நிமிஷமே அவளை அனுப்பியிருப்பேன்."

"அனுப்பியிருந்தா அஞ்சாவது ஃபவுலோட நான் அழுதுக்கிட்டு இருந்திருப்பேன்," என்றாள் ஜென். "நல்லவேளை, உங்களை வெளிய அனுப்பினாங்க."

அவரை வெளியேற்றிய நடுவர் பையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் போனார். கோச் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, மனமார நன்றி சொன்னார். கேலியோ என்று பயந்து அந்த மனிதர் வேகமாக நடந்துவிட்டார்.

கோப்பையின் ஒரு காதை ஜென்னும் மறு காதை நானும் பிடித்துத் தூக்கினோம். கூட்டம் என் பெயரைக் கத்தியது. எஸ்தர் என்பது அந்த ஊர் வாயில் 'எஸ்டா' என்றுதான் வரும். யார் இவள் என்று கேட்ட குரலும் அதில் இருந்திருக்கும். முட்டைக்காரப் பெரியவர் நாற்காலிமேல் ஏறி நின்று தொப்பியைச் சுழற்றினார்.

ஆட்டம் நடக்கும்போது கூட்டத்துக்குக் காது கொடுக்காதீர்கள், பெண்களே. முடிந்த பிறகு தாராளமாகக் கொடுங்கள். நான் அன்று கொடுத்தேன், ஆசை தீரக் கொடுத்தேன்.